கடற்கரைச் சாலை வீரனும் ஊர்ப் பள்ளிக் கல்லும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு அருகே உள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளதா? அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் யாரும் எதுவும் கட்டக் கூடாது என்று என் தந்தை சொல்கிறார். அது சரியா?
- வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: உங்கள் தந்தையார் சொல்லும் விதி உண்மையான விதிதான், ஆனால் அது இந்தச் சின்னத்துக்கு உரியதன்று. பண்டைய நினைவுச் சின்னங்கள் குறித்த 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின்படி, தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அறிவிக்கப்பட்டவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். 2010-இல் செய்யப்பட்ட திருத்தம் இதை இன்னும் இறுக்கமாக்கியது. அரிக்கமேட்டுக்கு இந்தக் காப்பு உண்டு. கடற்கரைச் சாலைச் சின்னத்துக்கு அது கிடைக்காததற்குக் காரணம் எவருடைய அலட்சியமும் அன்று, வயதுதான். குறைந்தது 100 ஆண்டுகளாக இருந்துவரும் ஒன்றையே அச்சட்டம் பண்டைய நினைவுச் சின்னமாகக் கொள்கிறது. நம் சின்னமோ, ஆளுநர் குரோசிக்கியா பொறுப்பில் இருந்தபோது, 1938-இல் திறந்து வைக்கப்பட்டது. ஆகவே அந்தச் சட்டத்தின் வாசற்படியை அது மிதிக்கவே 2038 ஆக வேண்டும்.

வயது வந்துவிட்டால் காப்பு தானாக வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். மத்திய அரசு தன் எண்ணத்தை அரசிதழில் இரண்டு மாத அவகாசத்துடன் வெளியிட்டு, அந்த அறிவிப்பின் படியைச் சின்னத்தின் அருகிலேயே ஒட்டி, வரும் ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகுதான் இறுதியாக அறிவிக்க முடியும்.

அதுவரை அது நாதியற்று நிற்கிறது என்பதும் பொருளன்று. பொதுச் சொத்தைச் சேதப்படுத்துவோருக்கு 1984-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. ஆனால் இன்று அச்சின்னத்தின் முதல் காப்பு என்று நான் கருதுவது, ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 14 அன்று அங்கே நடக்கும் அஞ்சலியைத்தான். நம் ஊரார் 'சொல்தா' என்று அழைக்கும் ஓய்வுபெற்ற பிரெஞ்சுப் படைவீரர்கள், பதக்கங்களை நெஞ்சில் அணிந்து, அந்த நாளில் கூடுகிறார்கள். நான்கு வெள்ளைத் தூண்களுக்கு நடுவே தலைகவிழ்ந்து நிற்கும் வெண்கல வீரனின் முகமும் உடையும் பிரான்சு நாட்டவனுடையவை. ஆயினும் அவன் நினைவூட்டுவது புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய பிரெஞ்சிந்தியப் பகுதிகளிலிருந்து முதல் உலகப் போருக்குச் சென்று மாண்டவர்களை. இதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகர மன்றம், பழம்பெரும் கட்டடம் என்பதை அறியாதவர் ஊரில் எவரும் இல்லை. ஆயினும் 2014 நவம்பர் மழையில் அது இடிந்து விழுந்தது. 2021-இல் அதே சாயலில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். பெருமையை எல்லோரும் அறிந்திருப்பது ஒன்று. ஒழுகும் கூரையைக் காலத்தே பார்ப்பது வேறு. உப்புக் காற்றில் நிற்கும் வெண்கலத்துக்கும் இது பொருந்தும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பழைய பள்ளிச் சுவரில், இந்தக் கிராமத்திலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்த கல் ஒன்று பதிந்திருக்கிறது. பள்ளியை இடித்துக் கட்டப் போகிறார்கள். இந்தச் சிறு கல்லுக்கும் சட்டக் காப்புக் கிடைக்குமா?
- வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். போர் முடிந்த பிறகு, ஆட்களை அனுப்பிய ஊர்களில் ஆங்கில அரசு இத்தகைய கற்களைப் பதித்தது. கடற்கரைச் சாலைச் சின்னத்துக்கு இன்னும் வாய்க்காத வயதுத் தகுதி உங்கள் ஊர்க் கல்லுக்கு அநேகமாக இப்போதே வந்திருக்கும். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கத்தில் கட்டடங்களோடு கல்வெட்டும் சேர்ந்ததே. தேசிய முக்கியத்துவம் என்ற அளவுக்கு இதைக் கொண்டுபோவது கடினம். மாநிலத் தொல்லியல் துறை செயல்படும் 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம்தான் உங்களுக்கு அருகில் உள்ள வழி. ஆகவே கல்லின் அளவு, இருக்கும் இடம், வாசகம், படம் ஆகியவற்றுடன் அத்துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் இடிப்பு தொடங்கும் முன்பே விண்ணப்பம் கொடுங்கள்.

பதில் வரும் வரை செய்யக்கூடாதவை சில உண்டு. இப்படி ஒரு கல்லை நான் ஒரு கிராமத்தில் பார்த்தேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் நல்லெண்ணத்தோடு பூசிய சுண்ணாம்பு எழுத்துப் பள்ளங்களில் இறுகி, சென்றவர்கள் 11 பேரா 17 பேரா என்று விரலால் தடவிப் பார்த்தும் தெரியவில்லை. கம்பியாலோ அமிலத்தாலோ சுரண்டாதீர்கள். எழுத்துக்கு எனாமல் பெயிண்ட் தீட்டாதீர்கள். மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் மணல்வீச்சு வேண்டவே வேண்டாம், நம் கோயில் கல்வெட்டுகள் அதனால் பட்ட பாடு போதும். காலை வெயில் சாய்ந்து விழும்போது படம் எடுங்கள், மங்கிய எழுத்தும் எழுந்து நிற்கும். தொல்லியல் அறிந்த ஒருவரைக் கொண்டு மைப்படி, அதாவது தாளை எழுத்தின் மேல் ஒற்றி மையிட்டு எடுக்கும் படி, எடுத்து வைப்பது இன்னும் நல்லது. சுவரை இடித்தே ஆக வேண்டுமென்றால், கல்லை நெம்பிப் பெயர்க்காமல், சுற்றியுள்ள செங்கலோடு சேர்த்து வெட்டி எடுத்து, புதுக் கட்டடத்தில் கண்ணில் படும் உயரத்தில் பதிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். அந்தக் கற்களில் எண்ணிக்கைதான் உண்டு, பெயர் இல்லை. பிரான்சில் உள்ள நெவ் ஷப்பல் இந்திய நினைவகத்தில் 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்ற போர் நினைவிடங்களுள் அதுவும் ஒன்று. உங்கள் ஊரில் 'பட்டாளத்தார் வீடு' என்று இன்றும் ஒரு வீட்டைச் சொல்வார்களானால், அங்கே போய்ப் பாட்டனார் பெயரைக் கேட்டு எழுதி, விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

கேள்வி: போர் 1918-இல் முடிந்ததென்றுதானே படித்தோம்? கல்லில் உள்ள 1919-ஐத் திருத்தலாமா?
- அதே வாசகர்

பதில்: 1918 நவம்பர் 11 அன்று நின்றது சண்டை. வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28 அன்று. ஆங்கில அரசின் கற்கள் இரண்டாவதைக் கணக்கில் கொண்டன. கடற்கரைச் சாலைச் சின்னத்தில் இருப்பது 1914–1918. இரண்டுமே சரி. எவரையும் அந்த எழுத்தின் மேல் உளி வைக்க விடாதீர்கள்.