லாண்ட்பீருக்கு எத்தனை மார்க் போடலாம்?

கேள்வி: நியூரம்பெர்க்கில் வேலை பார்க்கிறேன். 'லாண்ட்பீர் ஹெல்' என்று எழுதிய பாட்டில் ஒன்றை வாங்கி, ஃப்ரிட்ஜில் ஜில்லென்று வைத்துக் குடித்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது. ஐந்துக்கு இரண்டு போட்டேன். கூட வேலை பார்க்கும் ஜெர்மன்காரர் நான்கு என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நான் அவர் பக்கம். ஆனால் குறை உங்கள் நாக்கில் இல்லை, ஃப்ரிட்ஜில் இருக்கிறது. மூன்று நான்கு டிகிரியில் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வாசனை எழும்பவே எழும்பாது. பாட்டிலை வெளியே எடுத்துக் கால் மணி நேரம் வையுங்கள். எட்டு டிகிரி வாக்கில் அதுவே வாய் திறக்கும்.

'லாண்ட்பீர்' என்றால் நாட்டுப்புற பீர். உங்கள் நியூரம்பெர்க் இருக்கும் பிராங்கோனியா வட்டாரத்தின் கிராமத்து ஆலைகளை நினைவுபடுத்தும் பெயர்தான். சட்டம் வகுத்த வகை அல்ல. பெரிய ஆலைகளும் அந்தப் பெயரில் விற்கின்றன. ஆகவே லேபிளில் உங்களுக்கு உதவுகிற சொல் 'ஹெல்', அதாவது வெளிர். பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) கசப்பான வெளிர் பீரான பில்ஸ்னருக்குப் போட்டியாக, மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலை 1894-இல் சந்தைக்கு விட்ட 'ஹெல்லஸ்' என்ற வெளிர் பீரின் உறவுக்காரனாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெல்லஸில் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம். கசப்பு 16 முதல் 22 ஐபியூ (பீரின் கசப்பை அளக்கும் அலகு). பில்ஸ்னரின் கசப்பு ஏறக்குறைய அந்த 22-இல்தான் ஆரம்பிக்கிறது. இதில் ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பு தரும் பூ) அதிரடியை எதிர்பார்ப்பது தயிர்சாதத்தில் காரம் தேடுகிற கதை.

சரி, ருசி பார்ப்போம். கிளாஸில் சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் நுரை நிற்காது, நன்றாக அலசிவிடுங்கள். ஊற்றியதும் முதலில் மோந்து பாருங்கள். அப்போதுதான் சுட்டெடுத்த பன்னின் வாசனை, பின்னால் லேசாகப் புல்லோ பூவோ வந்தால் நல்ல அடையாளம். ஒரு வாய் குடித்து, விழுங்கியபின் பத்து விநாடி பொறுங்கள். மால்ட்டின் மென்மையான இனிப்பு மெல்லக் கரைந்து, அடுத்த வாய்க்குக் கை தானாகப் போகவேண்டும்.

இவ்வளவு மெல்லிய பீரில் குறையை மூடிமறைக்க எதுவும் கிடையாது. வெண்ணெய் வாசனையா? பெரும்பாலும் ஆலை அவசரப்பட்டிருக்கிறது. ஈஸ்ட் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள நேரம் கொடுக்கவில்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் சரக்கு பழசு. பச்சை பாட்டிலில் வெயில் பட்டிருந்தால் வரும் நாற்றம் தனி ரகம், ஒருமுறை மோந்தால் மறக்காது. கலங்கலாக இருப்பது மட்டும், வடிகட்டாதது என்று லேபிளில் இருந்தால், குறையே இல்லை.

மார்க் போட, பீர் நடுவர்களின் 50 மார்க் கணக்கு எனக்குப் பிடிக்கும்: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் மூன்றுதான், கவனியுங்கள். பொன்னிறத்தைப் பார்த்தே பாதி மார்க்கை அள்ளிக் கொடுக்கிறவர்கள் நம்மில் நிறைய.

நானும் சறுக்கியிருக்கிறேன். பாம்பெர்க்கில் புகை பீர் (புகையில் உலர்த்திய மால்ட்டில் செய்வது, வாசனை தூக்கலாக இருக்கும்) குடித்த கையோடு ஒரு ஹெல்லைக் குடித்துவிட்டு 'சப்' என்று குறிப்பேட்டில் எழுதினேன். மறுநாள் அதையே முதல் கிளாஸாகக் குடித்தபோது தேன் மாதிரி ஒரு வாசனை! பழைய குறிப்பை அடித்துவிட்டேன்.

நீங்களும் அதே பீரை இன்னொரு பாட்டில் வாங்குங்கள். தேதி பார்த்து, வெயில் படாத அலமாரியிலிருந்து எடுங்கள். அப்புறமும் தண்ணீர் மாதிரியே இருந்தால் இரண்டு மார்க் அப்படியே இருக்கட்டும். நண்பரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.