விளையாட்டுக் கேள்வி பதில்: மூணு முருகா வரைக்கும் தாங்கணும்!

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளோடு பேச ஏதாவது விஷயம் வேண்டுமே என்று அவள் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களை ஞாயிறு விடியற்காலையில் எழுந்து பார்க்க ஆரம்பித்தேன். போன வாரம் வெளியூர் ஆட்டம். பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை ஆறு தடவை தரையில் சாய்த்துவிட்டார்கள். ஆட்டப் பட்டியலில், பந்தோடு ஓடி முன்னேறிய ஓட்டக் கணக்கு மொத்தமே 61 யார்டு. அவரைக் காக்கும் ஐந்து பேர் வரிசையான அஃபென்சிவ் லைனை வர்ணனையாளர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மகளோ, "லைன் மேல தப்பே இல்லப்பா, உங்களுக்குப் பார்க்கத் தெரியல" என்கிறாள். காலாங்கில் பந்தாட்டம் பார்த்து வளர்ந்தவன் நான். இந்த லைனை எப்படி எடைபோடுவது?
– ஒரு தந்தை, ஈசூன்

பதில்: மகள் சொன்னது முக்கால்வாசி சரி ஐயா. அந்தக் கால்வாசிக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த 61-ஐ நம்பாதீர்கள். பந்தை வீசப்போன குவார்ட்டர்பேக்கை வீசவிடாமல் பின்னாலேயே மடக்கிச் சாய்ப்பதற்குப் பெயர் சேக். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், சேக்கில் பறிபோன யார்டை வீச்சுக் கணக்கில் கழிப்பார்கள். கல்லூரி ஆட்டத்தில் மட்டும் அதை ஓட்டக் கணக்கில் கழிக்கிறார்கள். ஒவ்வொரு சேக்கையும் ஓர் ஓட்டம் என்றே எண்ணியும் விடுகிறார்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். ஓட்டக்காரர்கள் 24 முறை ஓடி எடுத்தது 108 யார்டு. ஆறு சேக்கில் போனது 47. மிச்சம் 61. சராசரி நாலரை யார்டு ஓடிய அணி, பட்டியலில் இரண்டு யார்டுக்குத் திணறிய அணியாகிவிட்டது.

அடுத்தது அந்த ஆறு சேக். அந்த ஆட்டத்தை நானும் பார்த்தேன். உங்கள் கடிதம் வந்ததும் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து மறுபடியும் ஓடவிட்டேன். நான் எண்பதுகளில் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் பொறியியல் படித்தவன். முதல் ஆட்டத்துக்கு அழைத்துப்போன அறைத்தோழன் எனக்குப் போட்ட ஒரே கட்டளை, "பந்தைப் பார்க்காதே" என்பதுதான். நம்மால் அது லேசில் முடியாது. கண் பந்தோடுதான் ஓடும். பந்து கிளம்பும் முன்பே நடுவில் இருக்கும் ஐந்து பேர்மேல் கண்ணை ஒட்டவைக்க வேண்டும். எனக்கு அது பிடிபட மூன்று வாரம் ஆனது.

தைப்பூசத்துக்கு என் தம்பி காவடி எடுப்பான். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை அவனைச் சுற்றி நடக்கும் ஐந்தாறு பேரில் நானும் ஒருவன். முன்னால் ஒருவர் வழிவிடச் சொல்லிக்கொண்டே போவார், பக்கவாட்டில் இரண்டு பேர், பின்னால் முக்காலியும் தண்ணீருமாக ஒருவர். அவன் ஆடினால் நாங்கள் விலகுவோம், நின்றால் நெருங்குவோம். சாலையோரத்தில் நிற்பவர்கள் எல்லாரும் காவடியைத்தான் பார்ப்பார்கள். எங்களை யாராவது திரும்பிப் பார்த்தார்கள் என்றால், யாரோ யாரையோ இடித்துவிட்டோம் என்று அர்த்தம். குவார்ட்டர்பேக்கைச் சுற்றி இந்த ஐவர் கட்டும் வளையமும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், அங்கே எதிரே வருபவர் 130 கிலோ இருப்பார், வழி கேட்டால் தரமாட்டார்.

இனி என் அளவுகோல். வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்ததும் நிதானமாக "முருகா" என்று எண்ணத் தொடங்குவேன். மூன்று முருகாவுக்கு ஏறக்குறைய இரண்டரை விநாடி ஆகிறது. கடிகாரம் வைத்துச் சரிபார்த்திருக்கிறேன். அதுவரை வளையம் உடையவில்லை என்றால் லைன் தன் வேலையை முடித்துவிட்டது. அதற்கப்புறமும் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தால் அது குவார்ட்டர்பேக்கின் பாடு. உங்கள் ஆட்டத்தில் முதல் சேக்கும் மூன்றாவதும் ஐந்தாவது முருகாவில் விழுந்தவை. அவற்றை லைன் கணக்கில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

இரண்டாவது சேக் வெறும் கூட்டல் கழித்தல். எதிரணி ஆறு பேரை அனுப்பியது, லைனில் இருப்பது ஐந்து பேர். ஆறாவது ஆளைப் பக்கத்தில் நின்ற ஓட்டக்காரர் தடுத்திருக்க வேண்டும். அவர் அந்த ஆளைப் பார்க்கவே இல்லை. நான்காவது இன்னும் வேடிக்கை. வளையம் கோட்டை மாதிரி நிற்கிறது, குவார்ட்டர்பேக் தானாகவே வெளியே ஓடிப்போய் எதிராளி மடியில் விழுகிறார்.

ஐந்தாவதைச் சாக்குச் சொல்லி மறைக்க முடியாது. வலது டேக்கிள், அதாவது வரிசையின் வலது கோடியில் நிற்பவரின் இடுப்பை மட்டும் பாருங்கள். எதிராளி வெளிப்பக்கம் இரண்டு எட்டு வைத்ததுமே இவர் இடுப்பை முழுசாக வெளியே திருப்பிவிட்டார். அவன் சட்டென்று உள்ளே புகுந்துவிட்டான். கதவைத் திறந்துபோட்டுவிட்டு வாசலில் காவல் நின்ற கதை.

ஆறாவதும் அதே டேக்கிள்தான், ஆனால் பாதிப் பழிதான் போடுவேன். அப்போது அரங்கில் எழுந்த சத்தத்தைக் கவனித்தீர்களா? கல்லூரி ஆட்டத்தில் ஒரு லட்சம் பேர் உட்காரும் அரங்குகளே உண்டு. ஆன் ஆர்பர் அரங்கில் 107,601 பேருக்கு இடம் இருக்கிறது. நம் தேசிய விளையாட்டரங்கில் 55,000 பேருக்குத்தான். அந்த இரைச்சலில் குவார்ட்டர்பேக் கத்துவது யார் காதிலும் விழாது. அதனால் சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டு திரும்பிக் குவார்ட்டர்பேக்கைப் பார்த்து, அவர் ஜாடை காட்டியதும் சென்டரைக் கையால் தட்டுவார். அதற்குப் பிறகுதான் பந்து கிளம்பும். கோடியில் நிற்கும் டேக்கிளுக்கோ பந்து அசைவதைக் கடைக்கண்ணால் பார்த்து எழ வேண்டிய நிலை. எதிரே இருப்பவனும் அதே பந்தைத்தான் பார்க்கிறான். சொந்த ஊரில் இவருக்கு முன்கூட்டியே கிடைக்கும் அந்தக் கண்ணிமைப்பொழுது வெளியூரில் பறிபோய்விடுகிறது.

ஆக ஆறில் ஒன்றரை. அதுதான் நான் முதலில் சொன்ன கால்வாசி.

ஆனால் மகள் ஜெயித்துவிட்டதாக ஒப்புக்கொள்ள அவசரப்படாதீர்கள். சராசரி நாலரை யார்டு என்று சற்றுமுன் சொன்னேன் அல்லவா, அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 24 ஓட்டத்தில் ஒன்று மட்டும் 39 யார்டு. அதை எடுத்துவிட்டால் 23 ஓட்டத்தில் 69, மும்மூன்று யார்டுதான். அந்த 39-ல் லைனின் பங்கு எவ்வளவு? புள்ளிவிவரக்காரர்களிடம் ஒரு பங்கீட்டு முறை இருக்கிறது: முதல் நாலு யார்டு முழுக்க லைனுக்கு, ஐந்திலிருந்து பத்து வரை பாதி, அதற்கு மேலே ஓடுவதெல்லாம் ஓட்டக்காரர் சொத்து. அந்தக் கணக்கில் 39-க்கு லைனுக்குக் கிடைப்பது ஏழு. பின்னால் தள்ளப்பட்டு யார்டை இழந்த ஓட்டமென்றால் 120 சதவீதமாகக் கூட்டி லைன் தலையில் கட்டுவார்கள்.

எனக்கு உறுத்தியது இன்னொன்று. பத்து யார்டு முன்னேற நாலு முயற்சிதான் தருவார்கள். அதில் மூன்றாவது முயற்சி, இன்னும் ஒரே ஒரு யார்டு வேண்டும். ஓடப்போகிறார்கள் என்று பாப்கார்ன் விற்பவனுக்குக்கூடத் தெரியும். தந்திரத்துக்கு அங்கே இடமில்லை, எதிரே நிற்பவனை ஒரு கெஜம் பின்னால் தள்ள வேண்டும், அவ்வளவுதான். அப்படி நாலு முறை வந்தது, மூன்று முறை இவர்களால் தள்ள முடியவில்லை. ஆறு சேக்கைவிட எனக்கு இதுதான் பெரிய குறையாகப்பட்டது. வர்ணனையாளர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த முறை மகள் அழைக்கும்போது சேக்கை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்.

இன்னும் ஒன்று. பெரிய அணிகள் பருவத் தொடக்கத்தில் கீழ்ப்பிரிவு அணிகளுக்குப் பணம் கொடுத்து வரவழைத்து ஆடுவார்கள். அந்த ஆட்டங்களில் எந்த லைனும் மலைபோலத்தான் தெரியும். அதே ஐவர் சேர்ந்து ஏழெட்டு ஆட்டம் ஆடிய பிறகு தீர்ப்பு எழுதுங்கள். ஓர் ஆண்டு உட்கார்ந்து காத்திருக்காமலே வேறு கல்லூரிக்கு மாறலாம் என்று 2021-ல் விதியைத் தளர்த்தியதிலிருந்து, ஆகஸ்டில் அறிமுகமான ஐந்து பேர் செப்டம்பரில் ஒரே மூச்சாக நகர வேண்டியிருக்கிறது. என் தம்பி காவடிக்குப் புது ஆள் ஒருவர் வந்தாலே டேங்க் ரோடு போய்ச் சேர்வதற்குள் நாங்கள் பத்து தடவை கால் மிதிபடுவோம்.

கேள்வி: அந்த ஐந்து பேரில் யார் முக்கியம் சார்? அவர்கள் பந்தைப் பிடிக்கவே கூடாதா?
– பல்துறைத் தொழிற்கல்லூரி மாணவர், தெம்பனிஸ்

பதில்: குவார்ட்டர்பேக் வலது கைக்காரர் என்றால் வீசத் திரும்பும்போது அவருடைய இடப்பக்கம் முதுகுப் பக்கமாகிவிடும். அங்கிருந்து வருபவனை அவர் பார்க்கமாட்டார். அதனால் இடது டேக்கிளுக்கு மவுசு அதிகம். என் ஓட்டு சென்டருக்குத்தான் தம்பி. எதிரணி நிற்கும் நிலையைப் பார்த்து யார் யாரைத் தடுக்க வேண்டும் என்று விரல் நீட்டிச் சொல்பவர் பெரும்பாலும் அவர்தான்.

50 முதல் 79 வரை எண் போட்டவர்கள் சாதாரணமாக வீச்சைப் பிடிக்க முடியாது. முன்னோக்கி வீசும் ஆட்டத்தில் அவர்கள் பந்து கிளம்பும் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போகவும் கூடாது. கல்லூரியில் மூன்று யார்டு வரை விடுவார்கள், என்எஃப்எல்லில் ஒரே யார்டு.

கேள்வி: இந்தத் தடுப்பாளர்களுக்கு விருது ஏதாவது தருவார்களா, இல்லை உழைப்பு ஒருவருக்கு மாலை ஒருவருக்கா?
– இல்லத்தரசி, புக்கிட் பாத்தோக்

பதில்: ரொம்ப நாள் நீங்கள் சொன்ன மாதிரிதான் அம்மா. கல்லூரி ஆட்டத்தின் ஆகப் பெரிய விருதான ஹைஸ்மன் 1935-லிருந்து கொடுக்கப்படுகிறது. அஃபென்சிவ் டேக்கிள் ஒருவர் அதன் பக்கத்தில் போனது 1973-ல், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹிக்ஸ். கிடைத்தது இரண்டாம் இடம். ஒஹாயோக்காரனைப் புகழ ஆன் ஆர்பர்க்காரனுக்கு நாக்கு எழாது, ஆனாலும் உண்மை உண்மைதானே.

2015-லிருந்து ஜோ மூர் பெயரில் ஒரு விருது தருகிறார்கள். பிட்ஸ்பர்க்கிலும் நாட்டர் டேமிலும் லைன்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். இந்த விருது தனி ஆளுக்கு இல்லை, லைன் முழுவதற்கும் சேர்த்து. முதலில் வாங்கியது அலபாமா. மிச்சிகன் 2021, 2022 என்று அடுத்தடுத்து இரண்டு முறை வாங்கியது. இதைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்ததற்கு உங்களுக்கு நன்றி. எனக்கு ஆகப் பிடித்த தேர்வு 2024, ராணுவக் கல்லூரி ஆர்மி. வீசுவதே அபூர்வம், ஓடிக்கொண்டே இருப்பார்கள், ஓட்டத்தில் அந்த ஆண்டு அவர்கள்தான் முதலிடம். பெரிய அணிக்காரர்களைவிட எடையும் குறைவு. கிலோவை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் என் மச்சானுக்கு அந்த ஆண்டு டிசம்பரில் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு படம் அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.

கேள்வி: என் கணவர் இந்த ஆட்டத்துக்காக ஞாயிறு விடியற்காலை 3.30-க்கு எழுந்து கூடத்து விளக்கைப் போடுகிறார். நவம்பரில் நேரம் மாறும், நிம்மதியாகத் தூங்கலாம் என்கிறார். உண்மையா?
– ஒரு மனைவி, பொங்கோல்

பதில்: நேரம் மாறுவது உண்மை. நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதற்கடுத்த வாரத்திலிருந்து 3.30 ஆட்டம் நமக்கு 4.30 ஆகும். ஆனால் நள்ளிரவில் தொடங்கும் ஆட்டமும் ஒரு மணிக்குத் தள்ளிப்போகும். அது முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். இதை அவர் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்.