கல்யாணத்துக்கு முன் சியோல் போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

சியோலில் கங்னம் வட்டாரத்து மருத்துவமனைகளுக்கு வரும் வெளிநாட்டவருக்கு உரைபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறேன் என்று போன இதழில் சொன்னதும், முகச் சீரமைப்பு, தோல் சிகிச்சை பற்றியே நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. நான் டாக்டர் இல்லை. டாக்டர் சொல்வதும் நோயாளி கேட்பதும் என் வாய் வழியாகப் போகின்றன. அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, எனக்கு 27 வயது. வருகிற மே மாதம் கல்யாணம். மாநிறம். கன்னத்தில் பருத் தழும்பு, அதற்கு மேலே மங்கு. பத்து நாள் சியோலில் தங்கினால் லேசர் டோனிங், ரெஜுரான் ஊசி, குளூட்டாதயோன் டிரிப் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் தருகிறார்களாம். முகம் கண்ணாடி மாதிரி ஆகும், இரண்டு ஷேடு நிறம் கூடும் என்கிறார்கள். வரலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

தங்கச்சி, பருத் தழும்புக்காக என்றால் நிதானமாக யோசிக்கலாம். மே மாதத்துக்குள் முடித்தாக வேண்டும் என்றால் வேண்டாம். நிறத்துக்காக என்றால் வரவே வேண்டாம்.

மங்குக்கும் கறுப்புத் திட்டுக்கும் வைக்கிற லேசர் தோலுக்குள் தேடிப் போவது மெலனின் என்கிற கருநிறமியை. நம் தோலில் திட்டைச் சுற்றியுள்ள நல்ல இடத்திலும் மெலனின் அதிகம் என்பதால் சூடு அங்கேயும் இறங்கும். சூடு பட்ட இடம் ஆறும்போது முன்னைவிடக் கறுத்துப்போகும். பருவைக் கிள்ளிய இடம் மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கிறதே, அதே கதைதான். கொரியப் பெண்ணுக்குச் சாதாரணமாக வைக்கிற அளவு உங்களுக்குத் தீக்காயமாகிவிடலாம்.

இங்குள்ள டாக்டர்கள் கைதேர்ந்தவர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் கை தினமும் பழகுகிற முகங்கள் வேறு. 2024-இல் சிகிச்சைக்காகக் கொரியா வந்த வெளிநாட்டவர் சுமார் 11 லட்சத்து 70 ஆயிரம் பேர். பாதிக்கு மேற்பட்டவர்கள் தோல் சிகிச்சைக்கு வந்தவர்கள். வந்தவர்களில் ஜப்பானியரும் சீனருமே பாதியைத் தாண்டிவிடுவார்கள். நம் நிறத்து முகத்தை எப்போதாவது மட்டும் பார்க்கிற கிளினிக்குகள் நிறைய இருக்கின்றன.

நல்ல டாக்டரை நான் கண்டுபிடிப்பது ஒரு கேள்வியை வைத்துத்தான். மெஷினைத் தொடுவதற்கு முன்னால், முகத்தை விளக்கடியில் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடிபட்டால், கொசு கடித்தால், அந்த இடம் கறுப்பாகவே நிற்குமா? தழும்பு தடித்து வளருமா?" என்று கேட்பார். அப்புறம் தாடை ஓரத்தில் சின்னதாக ஓர் இடத்தில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு, சில வாரம் கழித்து வரச் சொல்வார். பத்து நாள் பேக்கேஜில் இதற்கு இடமே இல்லை, பார்த்தீர்களா? மாறாக, வந்து பத்து நிமிடத்தில் மரப்பு கிரீமைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, வரிசையில் உட்கார வைத்துவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டிய முன்பணம் போனாலும் பரவாயில்லை.

பேக்கேஜில் உள்ளவற்றையும் பார்த்துவிடலாம். லேசர் டோனிங்குக்கு வழக்கமாக 1064 நானோமீட்டர் லேசரைக் குறைந்த சக்தியில் பல தடவை வைப்பார்கள். மற்ற பல லேசர்களைவிட நம் நிறத்துக்கு இது பாதுகாப்பானதுதான். ஆனால் நெருக்கி நெருக்கி வைத்தால் புள்ளிப் புள்ளியாக வெளுத்துவிடும், அந்த வெள்ளைப் புள்ளி லேசில் போகாது. மங்கு லேசரில் மங்கினாலும் நிறுத்தியபின் திரும்பி வருவது மிகச் சாதாரணம். ஐபிஎல் என்று ஒரு வெளிச்ச சிகிச்சையையும் கூட்டிச் சொன்னால் தயங்காமல் மறுத்துவிடுங்கள், கறுத்த தோலுக்கு அதில் ஆபத்து அதிகம். ரெஜுரான் என்பது சால்மன் மீனின் டிஎன்ஏவிலிருந்து எடுத்த பொருள். முகம் முழுக்கக் குட்டிக் குட்டியாக ஊசி போடுவார்கள், நன்றாகவே வலிக்கும், ஓரிரு நாள் முகமெல்லாம் கடுகு தூவியதுபோல் புடைத்திருக்கும். தோலின் சொரசொரப்புக்கு அது உதவலாம், அதுவும் சில வார இடைவெளியில் பல தடவை போட்டால். நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

குளூட்டாதயோன் டிரிப்பை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. நிறம் கூட்டுவதற்கென்று அதை நரம்பில் ஏற்றுவது ஆபத்து என்று பிலிப்பைன்ஸ் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மக்களை வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. கல்யாணப் பெண்ணின் கை நரம்பில் ஏற்ற வேண்டிய பொருளா அது?

கோவையிலேயே நல்ல தோல் மருத்துவரைப் பாருங்கள். நம் நிறத்து முகங்களையே தினமும் பார்ப்பவர் அவர். தழும்புக்கு என்ன செய்யலாம், மங்குக்கு எந்தக் களிம்பு என்று சொல்வார். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்குகிற ஸ்டீராய்டு கலந்த கிரீம் மட்டும் வேண்டாம். காலையிலும் மதியத்திலும் சன்ஸ்கிரீன். மாப்பிள்ளை வீட்டில் யாராவது உங்கள் நிறத்தைப் பற்றிப் பேசினார்களா என்று கடிதத்தில் இல்லை. பேசியிருந்தால், அதற்கான மருந்து சியோலில் இல்லை தங்கச்சி.

என் மகளுக்கு 20 வயது. மூக்கை நேராக்க சியோல் போகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். விளம்பரத்தில் இருக்கும் பெரிய டாக்டரே செய்வார் என்று எப்படி நம்புவது? பிள்ளை மயக்கத்தில் இருக்கும்போது வேறு யாராவது செய்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?
– ஒரு தந்தை, கிள்ளான், மலேசியா

ஐயா, உங்கள் பயம் நியாயமானது. கொரியாவே இதை நினைத்துப் பயந்திருக்கிறது. 2016-இல் சியோலில் தாடை எலும்பு அறுவைக்குப் படுத்த ஒரு கல்லூரி மாணவருக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. பொறுப்பான டாக்டர் அவரை விட்டுவிட்டு வேறு அறுவைக்குப் போயிருந்தார். மாணவர் நினைவு திரும்பாமல் 49-ஆம் நாள் இறந்துபோனார். அறுவை அறைக் கேமராப் பதிவைக் கையில் வாங்கிய அவருடைய தாய் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து, எந்த நிமிடம் யார் அறையில் இருந்தார்கள், யார் வெளியே போனார்கள் என்று குறித்துவைத்தார். பிறகு பதாகையைப் பிடித்துக்கொண்டு தனியாகத் தெருவில் நின்றார். அவரைப் போன்றவர்கள் விடாமல் போராடியதில் 2021-இல் சட்டம் வந்தது. 2023 செப்டம்பர் 25 முதல், நோயாளி நினைவிழந்த நிலையில் அறுவை செய்கிற அறைகளில் கேமரா கட்டாயம்.

ஆனால் அந்தக் கேமரா தானாக ஓடாது. நீங்களோ மகளோ கேட்டால்தான் பதிவு செய்வார்கள். அறுவைக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பதிவை 30 நாள் வரை வைத்திருந்தால் போதும் என்பது சட்டம், அதனால் சந்தேகம் ஏதாவது இருந்தால் அந்த 30 நாளுக்குள்ளேயே, 'பதிவை அழிக்கவேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கேமரா என்றதும் முகம் சுளிக்கிற இடத்தில் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள்.

சம்மதப் படிவத்தில் அறுவை செய்யப்போகும் டாக்டரின் பெயர் இருக்க வேண்டும் என்பதும் சட்டமே. ஆள் மாறினால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வெற்றுக்கோடாக விட்ட படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டாம்.

இன்னொன்று, வாசலிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது. கொரியாவில் மருத்துவ உரிமம் உள்ள எந்த டாக்டரும் முகச் சீரமைப்பு செய்யலாம், நிபுணர் பட்டம் கட்டாயமில்லை. ஆனால் பெயர்ப்பலகையில் வித்தியாசம் காட்டியாக வேண்டும். நிபுணர் நடத்தும் இடமென்றால் கிளினிக்கின் பெயரோடு சேர்த்தே 'சொங்யொங் வேக்வா', அதாவது சீரமைப்பு அறுவைப் பிரிவு, என்று எழுதலாம். நிபுணர் இல்லையென்றால் அதற்கு முன்னால் 'ஜில்லியோ குவாமோக்' என்று நான்கு கொரிய எழுத்துகள் வரும், சிகிச்சை தருகிற பிரிவு என்று அர்த்தம். அந்த நாலு எழுத்தைப் பொடியாக எழுதி, ராத்திரியில் அதற்கு மட்டும் விளக்கு எரியாமல் விடுகிற பலகைகளும் உண்டு. போனில் பலகையைப் படமெடுத்து யாராவது கொரியரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

உள்ளே போனதும் முதலில் உங்களிடம் பேசுவது டாக்டராக இருக்காது. சில்ஜாங் என்று அழைக்கப்படும் ஆலோசனை மேலாளர் பேசுவார். கண் இமைக்கு வந்தவர்களிடம் மெல்லிய கம்பியால் இமையை அழுத்தி மடிப்பு எப்படி விழும் என்று கண்ணாடியில் காட்டுவார். ரொம்ப இனிமையாகப் பேசுவார். பேச்சோடு பேச்சாக, "மூக்கோடு நெற்றியும் சேர்த்தால் அழகாக இருக்கும், இன்றைக்கே முன்பணம் கட்டினால் இவ்வளவு குறைப்போம்" என்று ஒரு தாளில் எழுதித் தருவார். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்பிவிடுங்கள். டாக்டரோடு எவ்வளவு நேரம் பேசக் கிடைத்தது, மயக்க மருந்து நிபுணர் அறுவை முழுவதும் கூட இருப்பாரா, இந்த இரண்டும் தெரிந்தபின் முடிவெடுங்கள்.

மகளின் மூக்கைப் பற்றி: இங்கே அதிகம் நடப்பது தாழ்ந்த மூக்குத்தண்டை சிலிக்கோனோ குருத்தெலும்போ வைத்து உயர்த்துவது. நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தண்டு உயரமாகவே இருக்கும், வேண்டியது வளைவை நிமிர்த்துவதும் நுனியைச் சரிசெய்வதும். தெற்காசியருக்குச் செய்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். மூக்கின் வீக்கம் முழுதாக அடங்கி உருவம் நிலைக்க ஒரு வருடம்கூட ஆகும். ஆறாம் மாதம் கோணினால் கிள்ளானில் யார் பார்ப்பது? அதனால் புறப்படும் முன் அறுவைக் குறிப்பை ஆங்கிலத்தில் வாங்கிவிடுங்கள். என்ன பொருள் வைத்தார்கள், எங்கிருந்து குருத்தெலும்பு எடுத்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் ஓர் ஏஜென்ட் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். நம்பலாமா?
– வாசகி, சிங்கப்பூர்

வெளிநாட்டு நோயாளிகளை அழைத்து வருவதற்குக் கொரிய அரசிடம் பதிவு வேண்டும், ஏஜென்டுக்கும் மருத்துவமனைக்கும் தனித்தனியாக. பதிவு பெற்ற ஏஜென்ட் சின்ன கிளினிக்கிடமிருந்து 30 சதவீதம் வரை கமிஷன் வாங்கலாம் என்று சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. அவர் எந்தக் கிளினிக்கை ஏன் புகழ்கிறார் என்பதை இதை மனதில் வைத்துக் கேளுங்கள். பதிவுச் சான்றின் படம் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பணத்தை ஏஜென்டின் சொந்தக் கணக்குக்கு அனுப்பாமல் மருத்துவமனையிலேயே கட்டி ரசீது வாங்குங்கள். சொன்ன விலையில் 10 சதவீத வரி அடக்கமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள், கடைசி நாளில்தான் அது தலைகாட்டும்.

கொரியாவில் மட்டும் ஏன் இந்த மோகம்?
– கல்லூரி மாணவி, மதுரை

கொரியாவில் மட்டும் என்று சொல்ல முடியாது. இமையில் மடிப்பு உண்டாக்கும் அறுவை ஜப்பானில் 1896-இலேயே பதிவாகியிருக்கிறது. கொரியாவில், போருக்குப் பின் 1950களில் சிதைந்த முகங்களைச் சீரமைக்க வந்த ரால்ஃப் மில்லார்ட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இமை அறுவையும் செய்து, மருத்துவ இதழில் எழுதினார். பின்னாளில் பரவியதற்குப் போட்டி ஒரு பெரிய காரணம். வேலை விண்ணப்பத்தில் படம் ஒட்டுவது நெடுநாள் வழக்கம். 2017-இல்தான் அரசுத் துறை வேலைகளில் படமில்லாத விண்ணப்பம் வந்தது. நவம்பரில் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு முடிந்ததும் பிள்ளைக்கு இமை அறுவையைப் பரிசாகத் தரும் பெற்றோர் உண்டு, அதனால் குளிர்காலத்தில் இங்கே கூட்டம் அதிகம். இதை எதிர்த்தவர்களும் உண்டு மா. 2018 வாக்கில் மேக்கப் சாமான்களை உடைத்துப்போட்டு, முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு படம் வெளியிட்ட இளம்பெண்கள் எத்தனையோ பேர். அவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

என் அக்காவுக்கு 56 வயது. இமை தொங்கிப் பார்வையை மறைக்கிறது. சியோலில் செய்துகொள்ள நாள் குறித்தாயிற்று, துணைக்கு நான் போகிறேன். விசா, சாப்பாடு, தங்கல் பற்றிச் சொல்லுங்களேன்.
– வாசகி, சென்னை

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். சிகிச்சைக்கென்றே சி-3-3 என்ற 90 நாள் விசா உண்டு. பதிவு பெற்ற மருத்துவமனையின் கடிதம் தேவை, கூட வரும் குடும்பத்தாரும் அதிலேயே கேட்கலாம்.

துணைக்குப் போவது மிக நல்லது. இமை அறுவை முடிந்த அன்றே அனுப்பிவிடுவார்கள். அக்காவுக்குக் கண் வீங்கி மருந்தின் அயர்ச்சியும் இருக்கும், படிக்கட்டில் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். கிளினிக்குக்கு நடந்து போகிற தூரத்தில், லிஃப்ட் உள்ள விடுதியாகப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ் வைக்க இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். முதல் இரண்டு நாள் விட்டுவிட்டு ஐஸ் ஒத்தடம் கொடுக்க வேண்டும். தூங்கும்போது தலையணையை உயர்த்தி வையுங்கள். சாப்பாட்டுக்குக் கவலையில்லை, 'ஜுக்' என்ற அரிசிக் கஞ்சி எல்லா இடத்திலும் கிடைக்கும். பூசணிக் கஞ்சி வீக்கத்தை வடிக்கும் என்று இங்குள்ளவர்கள் வாங்கிக் கொடுப்பார்கள். வடிக்கிறதோ இல்லையோ, சுடச்சுட நன்றாக இருக்கும். சைவம் என்றால் உள்ளே இறைச்சி இல்லையா என்று கேட்டு வாங்குங்கள்.

அக்கா சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதி எடுத்துப் போங்கள். ஆஸ்பிரின் போல ரத்தத்தை இளக்கும் மாத்திரை இருந்தால் சென்னை டாக்டரையும் சியோல் டாக்டரையும் கேட்காமல் நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது. திடீரென்று ஒரு கண் மட்டும் கடுமையாக வலித்துப் பிதுங்கினாலோ பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 119-ஐ அழையுங்கள். வழி தெரியவில்லை, மொழி புரியவில்லை என்றால் 1330, சுற்றுலா உதவி எண், ஆங்கிலத்தில் பேசுவார்கள்.

தையல் பிரிக்க ஐந்திலிருந்து ஏழு நாள் ஆகும். முகம் கொஞ்சம் மாறித் தெரிந்தால் விமான நிலையத்தில் காட்டுவதற்குக் கிளினிக்கிலேயே சான்றுக் கடிதம் தருவார்கள், அதையும் அன்றே வாங்கிவிடுங்கள். சென்னைக்கு வழியில் எங்காவது விமானம் மாறித்தான் வரவேண்டும், நீளப் பயணம். தையல் பிரித்த மறுநாளே டிக்கெட் போடாமல், நடுவில் இரண்டு மூன்று நாள் விட்டுப் போடுங்கள்.