ஆரகன் டார்ட்: தேடுவதும் வெட்டி வளர்ப்பதும்

அக்ரோபோரா என்ற கிளைவிடும் கல்பவள வகையில் அடர்நீலத்துக்குப் பேர்போனது ‘ஆரகன் டார்ட்’. அதைப் பற்றி அமெரிக்காவில் பவளத் தொட்டி வைத்திருக்கும் நம்மவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கே: அசல்தானா என்று எப்படித் தெரியும், அண்ணா? போட்டோவில் எல்லாமே நீலமாகத்தான் இருக்கிறது.

ப: நீல விளக்கில் எடுத்தால் வேறெப்படி இருக்கும்? வெள்ளை வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். அதைவிட முக்கியம் பூர்வீகம். ஒரே தாய்ப் பவளத்தை வெட்டி வெட்டிக் கைமாறி வந்த துண்டுகளுக்குத்தான் இந்தப் பெயர். மரபணுவில் அத்தனையும் ஒரே உயிர். யாரிடம் வாங்கினீர்கள், அவருக்கு யார் கொடுத்தார் என்று கேட்டுக்கொண்டே போங்கள். இரண்டாவது கேள்விக்கே மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள். கடைகளைவிட, பல வருடமாகத் தொட்டி வைத்திருப்பவர்களிடம் விசாரிப்பதே மேல்.

கே: கடலிலிருந்து புதிதாக வராதா?

ப: ஃபிஜி 2017 இறுதியில் பவள ஏற்றுமதியை நிறுத்தியது. இந்தோனேசியா 2018இல் நிறுத்தி, 2020இல் பண்ணைப் பவளத்துக்கு மட்டும் வழிவிட்டது. எது வந்தாலும் அது வேறு உயிர்தான்.

கே: மருந்துத் தண்ணீரில் முக்கினால் பூச்சி போய்விடுமா சார்?

ப: அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு உதிரும், அதன் முட்டை சாகாது. கிளையின் அடியில், திசு இல்லாத வெள்ளை எலும்பில், பழுப்பு மணிகளாக ஒட்டியிருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். துண்டு ஒட்டி வந்த பிளக்கை (சிறு அடிக்கட்டையை) தூக்கி எறிந்து, அடிப்பகுதியை நறுக்கிவிட்டு, புது பிளக்கில் ஒட்டுங்கள். சில வாரமாவது தனித் தொட்டி. இதில் சோம்பல்பட்டால் மற்ற அக்ரோபோராவும் போகும்.

கே: வெட்ட எது சரியான நேரம்?

ப: பிளக்கின் மேல் திசு பரவி, கிளைகள் நீளும்வரை கை வைக்காதீர்கள், மெதுவாக வளரும் ஜாதி. எலும்பு வெட்டும் கட்டரால் ஒரே அழுத்தில் நறுக்கி, ஜெல் சூப்பர் குளூவில் நட்டு, முதலில் மிதமான வெளிச்சத்தில் வையுங்கள்.

கே: அடியிலிருந்து திசு உரிகிறது, அண்ணா!

ப: முதலில் கே.எச். (தண்ணீரின் காரத்தன்மை அளவு) பாருங்கள். எட்டோ ஒன்பதோ, ஒரே இடத்தில் நிற்க வேண்டும். திடீரென்று ஏறி இறங்கினால் இதுதான் கதி. உரிதல் வேகமாக ஏறினால் யோசிக்காமல் உயிருள்ள நுனியை வெட்டித் தனியே நடுங்கள். நண்பர்கள் இரண்டு மூன்று பேருக்கு இலவசமாகக் கொடுத்து வைக்கச் சொல்வதும் இதனால்தான். உங்களிடம் செத்தாலும் அவர்களிடம் திரும்ப வாங்கலாம்.

கே: சென்னைக்குப் போகும்போது தம்பிக்கு ஒரு துண்டு கொண்டுபோகலாமா?

ப: வேண்டவே வேண்டாம். கல்பவளம் அத்தனையும் இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை, அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியல். பெட்டியில் வைத்து எடுத்துப் போனால் தம்பியும் சேர்ந்து மாட்டுவார்.