பழைய சிமென்ட் தளத்தின் மேலேயே பேவர் பிளாக் பதிக்கலாமா?

கேள்வி: வீட்டின் பின்புறம் தோட்டத்தை ஒட்டி 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் ஒரு சிமென்ட் தளம் இருக்கிறது. போட்டு இருபது வருடமாவது ஆகியிருக்கும். நடுவில் விரிசல் ஓடி, சுவரோரம் இறங்கிவிட்டது. மழை பெய்தால் அங்கேயே தண்ணீர் தேங்குகிறது. மேலேயே பேவர் பிளாக் ஒட்டிவிடலாம் என்கிறார் நண்பர். உடைத்துத்தான் ஆக வேண்டுமா? நானும் தம்பியும் மட்டும் சேர்ந்து செய்துவிட முடியுமா?

பதில்: ஒட்ட வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது விரிசல் அல்ல, சுவரோரம் தண்ணீர் தேங்குகிறது என்ற வரிதான். தளத்தின் வாட்டம் வீட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டது. அதன் மேல் எந்தக் கல்லைப் பதித்தாலும் அதே வாட்டத்தில்தான் உட்காரும். போதாக்குறைக்குத் தளம் 6 செ.மீ. உயர்ந்து, தண்ணீர் சுவரில் இன்னும் மேலே ஏறும். வாட்டம் சரியாக இருந்து, ஆடாமல், மேல்பூச்சு மட்டும் உரிந்திருந்தால் உங்கள் நண்பர் சொல்வதை நானும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

உடைப்பதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எங்கே போகிறது என்று பாருங்கள். பக்கத்தில் உடைந்த குழாயோ மேலிருந்து கொட்டும் கூரைத் தண்ணீரோ மண்ணை அரித்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் புதுத் தளமும் அதே இடத்தில் இறங்கும். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி எந்த வழியாகப் போகின்றன என்பதையும் இப்போதே கண்டுபிடித்துக் குறித்துவையுங்கள்.

உடைக்கும்போது எல்லாரும் சம்மட்டியை ஓங்கித் தளத்தின் நடுவில் போடுவார்கள். அடியில் மண் தாங்கிக்கொண்டிருக்கும்வரை சம்மட்டி துள்ளித்தான் வரும், கைதான் மரத்துப்போகும். தோட்டத்துப் பக்க ஓரத்தில் மண்ணைப் பறித்து, கடப்பாரையை அடியில் விட்டு ஒருவர் நெம்ப வேண்டும். இரண்டு விரல் இடைவெளி கிடைத்ததும் ஒரு கல்லை அண்டை கொடுங்கள். இனி ஓரத்திலிருந்து 30 செ.மீ. உள்ளே தள்ளி அடித்தால் நாலைந்து அடியில் துண்டு கழன்றுவிடும். கண்ணாடி, கையுறை, கெட்டியான காலணி இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். உள்ளே கம்பி வலை இருந்தால் கட்டர் தேவைப்படும்.

இடிபாட்டை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள். கான்கிரீட் கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,400 கிலோ எடை. உங்கள் தளம் 10 செ.மீ. தடிமன் என்றால் மொத்தம் 2.9 டன் வரும். அந்தத் துண்டுகளை அப்படியே அடித்தளத்தில் போட்டு நிரப்பலாமே என்று தோன்றும். பெரிய துண்டுகளுக்கு இடையில் பொந்து விழும், மேலே இருக்கும் மணல் மெல்ல மெல்ல அதற்குள் இறங்கும். அந்த யோசனை வேண்டாம்.

இனி ஆழம். 6 செ.மீ. கல், 3 செ.மீ. மணல், 10 செ.மீ. ஜல்லி, மொத்தம் 19 செ.மீ. இது புதுத் தளத்தின் மேல்மட்டத்திலிருந்து கணக்கு. அந்த மேல்மட்டம் சுவரின் ஈரத்தடுப்பு அடுக்குக்கு (தரையின் ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு) குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். வாட்டம் 60-க்கு 1 போதும். அதாவது சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளியுள்ள விளிம்பு 5 செ.மீ. தாழ வேண்டும். நான்கு மூலையிலும் முளை அடித்து, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் கண்ணாடிபோன்ற குழாய்) வைத்து மட்டம் குறித்து, சுவரோர முளைகளில் மட்டத்திலும் எதிர் முளைகளில் 5 செ.மீ. கீழேயும் நூல் கட்டிவிடுங்கள். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க 3 மீட்டர், 4 மீட்டர் பக்கங்களுக்குக் குறுக்கே அளந்தால் 5 மீட்டர் வர வேண்டும். உங்கள் தளத்தின் அளவே அப்படி அமைந்துவிட்டது உங்கள் அதிர்ஷ்டம்.

தோண்டிய மண்ணும் அந்த வாட்டத்திலேயே இருக்கட்டும். மண்ணை மட்டமாக விட்டுவிட்டு, மேலே மணலைக் கூட்டிக் குறைத்து வாட்டம் கொண்டுவருவது பலர் செய்யும் தவறு. மணல் தடித்த இடம் பிறகு பள்ளமாகும். களிமண்ணாக இருந்தால் ஜல்லியை 15 செ.மீ. ஆக்கி, அதற்கு ஏற்ப ஆழமாகத் தோண்டி, அடியில் மண்ணும் ஜல்லியும் கலக்காமல் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரியுங்கள்.

ஜல்லி என்றால் ஒரே அளவு ஜல்லி அல்ல. பொடியும் ஜல்லியும் கலந்த வெட்மிக்ஸ்தான் இறுகிப் பிடிக்கும். இறுகும்போது அளவு குறையும், அதனால் 1.2 கன மீட்டர் தேவை என்றால் ஒன்றரை வாங்குங்கள். லேசாக ஈரப்படுத்தி 5 செ.மீ. பரப்பி இறுக்கி, அதன் மேல் அடுத்த 5 செ.மீ. என்று போக வேண்டும். என் வீட்டில் முதல்முறை பொறுமையில்லாமல் முழு ஜல்லியையும் ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் குத்தினேன். ஒரே மழைக்காலத்தில் நாற்காலிக்கால் பட்ட இடமெல்லாம் குழிவிழுந்தது. திமிசுக் கட்டையாலும் முடியும், ஆனால் ஒருநாள் வாடகைக்குப் பிளேட் காம்பாக்டர் (அதிர்ந்து தரையை இறுக்கும் இயந்திரம்) எடுத்துவிடுங்கள். இந்த வேலையில் பணம் செலவழிக்கத் தகுந்த இடம் இது ஒன்றுதான் என்பேன்.

மணலுக்கு 3 செ.மீ. குழாய் இரண்டை வாட்டத்தோடு கிடத்தி, இடையில் கரகரப்பான மணலைக் கொட்டி, நேரான பலகையால் இழுத்து வாருங்கள். குழாயை எடுத்த தடத்தில் மணலைத் தூவி நிரவுங்கள். வாரிய மணலில் கால் வைக்கக் கூடாது, பதித்த கல்லின் மேல் நின்றே அடுத்த கல்லை வையுங்கள்.

20-க்கு 10 செ.மீ. பிளாக் என்றால் சதுர மீட்டருக்கு 50 வீதம் 600. வெட்டுச் சேதாரத்துக்கு 60 கூடுதலாக வாங்குங்கள். கல்லுக்குக் கல் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி விட்டு, ஐந்தாறு வரிசைக்கு ஒருமுறை நூல் பிடித்துப் பாருங்கள். கல் வெட்டும்போது கட்டாயம் தண்ணீர் விட்டு, முகக்கவசத்தோடுதான் வெட்ட வேண்டும். அந்தப் புகைத்தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும்.

சுவர் தவிர மற்ற மூன்று ஓரங்களிலும் கல்லின் பாதி உயரத்துக்குக் கான்கிரீட் அணைப்பு கொடுங்கள், இல்லாவிட்டால் ஓரக் கற்கள் வெளியே நகரும். அது இறுகியபின் நன்றாகக் காய்ந்த மெல்லிய மணலைப் பெருக்கி இடுக்குகளில் இறக்கி, காம்பாக்டரை அடியில் ரப்பர் விரிப்பு மாட்டி ஓட்டி, மறுபடி மணல் போடுங்கள்.

இருவர் மட்டும் செய்ய முடியுமா என்றால், முடியும். உடைத்து அள்ள இரண்டு நாள், தோண்டி ஜல்லி இறுக்க இரண்டு நாள், பதிக்க ஒன்றிரண்டு நாள். பழக்கமில்லாத உடம்பு என்றால் மூன்று வார இறுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று மழைக்குப் பிறகு இடுக்கு மணல் கொஞ்சம் இறங்கியிருக்கும், அப்போது போட ஒரு சாக்கு மணலை நனையாமல் எடுத்துவையுங்கள்.