சாதா லான்சரை எவோ போல மாற்றுவது

தம்பி, கிளிநொச்சியில் ஓடுகிற உங்கள் சாதா மிற்சுபிசி லான்சருக்கு எவோ எட்டின் (லான்சரின் டர்போ பூட்டிய வேக ரகம், எட்டாவது மொடல்) முன் பம்பர் மட்டும் மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தனிப் பம்பர் வேண்டாம். எவோவின் முன் மட்காட் அகலம் கூடியது, அதனால் உங்கள் மட்காட்டோடு பம்பரின் ஓரம் சேராமல் துருத்திக்கொண்டு நிற்கும். பம்பர், மட்காட், பொனற், லைற் எல்லாம் ஒரே வண்டியில் கழற்றியதாகப் பாருங்கள். எவோவின் பின்பக்க அகலம் வண்டியின் உடலோடு (பொடி) சேர்ந்தது, கழற்ற முடியாது. வெட்டி ஒட்டத்தான் வேண்டும், அதை விடுங்கள். எவோ றிம்முக்கு ஐந்து நட்டு, உங்களுடையதற்கு நான்கு, அதனால் அதுவும் நேரே பூட்டாது.

பம்பரின் அந்தப் பெரிய வாய் இன்டர்கூலருக்காக (டர்போ அமுக்கி அனுப்பும் சூடான காற்றைக் குளிராக்குவது) வைத்தது. உங்களிடம் டர்போ இல்லை, ரேடியேற்றர் வெறுமனே தெரியும். ஏ9 வீதியில் பிரச்சினை இல்லை. அக்கராயன் பக்கம் கிரவல் றோட்டில் திரும்பினால் கல் நேரே அங்கேதான் அடிக்கும். உள்ளே கம்பிவலை ஒன்று போடுங்கள். பைபர் பம்பர் என்றால் தொடவே வேண்டாம், மாரியில் தண்ணீர் நிற்கும் ஒரு குழி போதும், வெடித்துவிடும்.

எவோ பெயர்ப் பட்டை ஒட்டுவது உங்கள் விருப்பம், ஆனால் எவோ எஞ்சின் சத்தம் தெரிந்தவன் சிரிப்பான்! நிறத்தையும் மாற்றுவதென்றால் வாகனப் புத்தகத்தில் பதிந்துவிட்டு ஓடுங்கள்.