எதிரே அவன் உட்கார்ந்தால் மட்டும்

கேள்வி:

அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்கு வயது 17. பாளையங்கோட்டையில் பிளஸ் டூ படிக்கிறேன். ஏழு வயதிலிருந்து செஸ் ஆடுகிறேன். மூன்று வருடமாக மாவட்டப் போட்டியின் கடைசி ரவுண்டில் ஒரே பையனிடம் தோற்கிறேன். அவன் அம்பாசமுத்திரம். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே சாரிடம்தான் படித்தோம். சனிக்கிழமை ரயிலில் வருவான், எங்கள் வீட்டில்தான் மதியச் சாப்பாடு.

ஆளுக்கு 60 நிமிடம், நகர்வுக்கு 30 விநாடி கூடுதல். இந்த வருடம் 20ஆவது நகர்வு முடியும்போதே என்னிடம் 8 நிமிடம்தான் இருந்தது, அவனிடம் 35. அப்படியும் ஒரு சிப்பாய் அதிகமாக வைத்துக்கொண்டு யானை எண்ட்கேம் (யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சுகிற கடைசிக் கட்டம்) வரை வந்துவிட்டேன். 41ஆவது நகர்வில் அவன் யானையை நகர்த்திய உடனே நானும் நகர்த்தினேன். சிப்பாயும் போச்சு, ஆட்டமும் போச்சு. மற்றவர்களோடு ஆடும்போது எனக்கு நேரம் பற்றாமல் போவதே இல்லை. கிளாக்கை ஓங்கி அடித்துவிட்டு, கை கொடுக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அவன் இப்போது பேசுவதில்லை. பரீட்சை முடியும் வரை போர்டைத் தொடாதே என்கிறார் அப்பா. அடுத்த மாதம் தேர்வுப் போட்டி இருக்கிறது. இன்னும் வேகமாக யோசிக்க எப்படிப் பழகுவது? உணர்ச்சியே இல்லாமல் ஆட முடியுமா?

பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்:

அன்புத் தம்பி,

உன் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்றவர்களோடு ஆடும்போது நேரம் பற்றாமல் போவதே இல்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. உனக்கு வேகம் போதும். அதைக் கூட்ட ஒரு பயிற்சியும் வேண்டாம்.

நிமிடத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 நிமிடத்தோடு ஆரம்பிக்கிறாய். இருபது நகர்வுக்கு 30 விநாடி வீதம் 10 நிமிடம் சேருகிறது. ஆக 70. கையில் மிச்சம் 8 என்றால் 62 நிமிடத்தைச் செலவழித்திருக்கிறாய். முதல் பத்துப் பன்னிரண்டு நகர்வு உனக்கு மனப்பாடமான ஓப்பனிங்காகத்தான், அதாவது பழகி வைத்த தொடக்க நகர்வுகளாகத்தான் இருக்கும், அதில் நேரம் போயிருக்காது. அப்படியானால் எட்டுப் பத்து நகர்வுக்குள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் போயிருக்கிறது. அத்தனை நேரமும் என்ன யோசித்தாய்? ஒரு நகர்வைக் கண்டுபிடித்திருப்பாய், சரியாகத்தான் இருந்திருக்கும். எதிரே வேறு பையன் என்றால் ஆடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருப்பாய். இவன் என்பதால், இதை வீட்டிலேயே பார்த்துவிட்டு வந்திருப்பானோ, போன வருடம் போல ஆகிவிடுமோ என்று அதே நகர்வை நாலு தடவை சரிபார்த்திருப்பாய். நான் இருபது வருடம் பிள்ளைகளைப் போட்டிகளுக்குக் கூட்டிக்கொண்டு போனவன், இதை நிறையப் பார்த்திருக்கிறேன். யோசிக்கிற பிள்ளையின் கண் கட்டம் கட்டமாக நகரும். பயப்படுகிற பிள்ளையின் கண் ஒரே கட்டத்தில் நிற்கும். கிளாக் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் ஓடும்.

அதனால் 41ஆவது நகர்வை நினைத்து உன்னை அடித்துக்கொள்ளாதே. அந்த நகர்வில் உன்னிடம் குறைந்தது 30 விநாடி இருந்தது. ஒரு யானை நகர்வைப் பார்க்க அது தாராளம். நீயோ உடனே ஆடினேன் என்று எழுதியிருக்கிறாய். நேரம் இல்லாததால் ஆடவில்லை. அங்கே உட்கார்ந்திருக்கப் பொறுக்காமல் ஆடினாய்.

நேரம் இருந்தும் இப்படி நடக்கும். 2014-ல் சோச்சியில் ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் உலக சாம்பியன்ஷிப். ஆறாவது ஆட்டம், 26ஆவது நகர்வு. கார்ல்சன் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்துவிட்டார். கையை எடுத்த உடனேயே அது தவறு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனந்த் குதிரையால் நடுவிலிருந்த சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டமே மாறியிருக்கும். நம் ஊரில் நன்றாக ஆடுகிற பிள்ளை யாரிடம் அந்தப் போர்டைக் காட்டி ஏதோ இருக்கிறது தேடு என்று சொன்னாலும் கண்டுபிடித்துவிடும். ஆனந்துக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அப்படியும் ஒரு நிமிடத்துக்குள், ஏற்கெனவே மனதில் வைத்திருந்த ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினார். ஆட்டம் போனது. பரிசு வரும் என்று எதிர்பார்க்காதபோது சில நேரம் அதை எடுக்கத் தோன்றுவதில்லை என்று பிறகு சொன்னார். உலகத்திலேயே வேகமாக யோசிப்பவர் என்று பெயர் எடுத்தவர் அவர், அதையும் நினைத்துக்கொள்.

இதோடு சேர்த்து 2024 டிசம்பரில் சிங்கப்பூர் உலக சாம்பியன்ஷிப்பில் நடந்ததைப் பார். குகேஷும் அப்போதைய சாம்பியன் டிங் லிரெனும் ஆளுக்கு ஆறரைப் புள்ளியோடு கடைசி, பதினான்காவது ஆட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். டிராவில் முடியும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 55ஆவது நகர்வில் டிங் யானையை மாற்றிக்கொள்ள முன்வந்தார். மூலையில் மாட்டிக்கொண்டிருந்த தன் பிஷப்பை அந்தக் கணம் மறந்துவிட்டார். குகேஷுக்கும் முதலில் தெரியவில்லை. தான் நினைத்திருந்த யானை நகர்வையே ஆடப் போனதாகவும், அப்புறம்தான் அந்த பிஷப்பைக் கவனித்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். ஆடப் போன கை நின்றது. ஆனந்துக்குக் கிடைக்காமல் போனது அந்த நிற்றல் ஒன்றுதான். அதற்கப்புறம் அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கை நீயும் பார்த்திருப்பாய். டிங் தோல்வியை ஒப்புக்கொண்டதும் அழுதுகொண்டே காய்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் அடுக்கி வைத்தார். உணர்ச்சியே இல்லாமல் ஆட முடியுமா என்று கேட்டாயே, பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனவராலேயே முடியவில்லை. உனக்கும் அது வேண்டியதில்லை.

ஆனித் தேரோட்டத்தில் ரத வீதி முக்கில் நெல்லையப்பர் தேர் திரும்புவதை நீ பார்த்திருப்பாய். வடம் பிடிக்கிற கூட்டத்துக்கு அந்நேரம் எது சொன்னாலும் காதில் ஏறாது. சக்கரத்தை ஒட்டியே நடக்கிற சில பேர் முட்டுக்கட்டையைச் சரியான நொடியில் கொடுப்பார்கள். தேர் ஒரு குலுக்கலோடு நிற்கும். அப்புறம் திசை பார்த்துத் திரும்பும். இழுக்கிறவர்களின் வேகம் ஒன்றும் குறைந்திருக்காது, வடம் விறைத்தபடியே இருக்கும்.

உன் முட்டுக்கட்டை, நகர்வுகளை எழுதுகிற தாளான ஸ்கோர் ஷீட்தான். 30 விநாடி கூடுகிற ஆட்டத்தில் கடைசி வரை எழுதியே ஆக வேண்டும். அதை நடுவருக்காகச் செய்கிற வேலையாக நினைக்காதே. அவன் நகர்த்தியதும் கையைத் தொடைமேல் வை. அவன் நகர்வை முழுசாக, நல்ல கையெழுத்தில் எழுது. பக்கத்தில் உன் கிளாக்கில் இருக்கிற நேரத்தையும் எழுது, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி அதற்கு இடம் தருகிறது. எழுதி முடித்துவிட்டு ஒரே கேள்வி கேள்: இந்த யானை இதற்கு முன் எதைக் காத்துக்கொண்டிருந்தது, இப்போது எதை விட்டுவிட்டது? இவ்வளவுக்கும் பத்து விநாடி போதும். எங்கள் காலத்தில் உன் நகர்வையும் முதலில் எழுதிவிட்டு அப்புறம் ஆடு என்று சொல்லிக்கொடுத்தோம். இப்போது விதி அதை ஒத்துக்கொள்வதில்லை, செய்துவிடாதே.

நடு ஆட்டத்துக்கு ஒரு எல்லை போட்டுக்கொள். ஐந்து நிமிடம் பார்த்தும் இரண்டு நகர்வில் எது என்று தெரியவில்லை என்றால், பெரும்பாலும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்றை ஆடிவிடு. 20ஆவது நகர்வில் உன்னிடம் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. வீட்டில் யாராவது ஒரு பையனைப் பிடித்து, நீ தோற்ற அதே யானை எண்ட்கேமை வைத்து, இரண்டு பக்கமும் 2 நிமிடத்தோடு 30 விநாடி கூட்டி தினம் இரண்டு தடவை ஆடு. ஒரு வாரத்தில் அந்த 30 விநாடி எவ்வளவு நீளம் என்று தெரியும்.

இன்னொன்று. அடுத்த முறை அவனை ஜெயித்தே தீர வேண்டும் என்று உட்காருவாய். அங்கேதான் எனக்குக் கவலை. 1987-ல் செவில் நகரத்தில் அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவுக்கு அந்த நிலைமை வந்தது. எதிரே முந்தைய சாம்பியன் கார்போவ். 1984-லிருந்து 1990 வரை ஐந்து சாம்பியன்ஷிப்புகளில் 144 ஆட்டம் ஆடிய ஜோடி அது. செவிலில் இருபத்துமூன்றாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் பெரிய தவறு செய்து தோற்றார். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால்தான் பட்டம் மிஞ்சும், டிரா செய்தாலும் போய்விடும். உலகமே அவர் சீறிப் பாய்வார் என்று காத்திருந்தது. அவரோ மெதுவான ஒரு ஓப்பனிங்கை எடுத்தார். காய்களை வெட்டிக்கொள்ளாமல் போர்டிலேயே வைத்திருந்து, சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டுக்கொண்டே போனார். அத்தனைக்கும் பதில் தேடியதில் கார்போவின் கடிகாரம் கரைந்தது. நேர நெருக்கடியில் அவர் நல்ல நகர்வைத் தவறவிட்டார். மறுநாளைக்கு ஒத்திப்போட்டு, 64ஆவது நகர்வில் காஸ்பரோவ் ஜெயித்தார். 12-12, சமன் என்பதால் பட்டம் அவரிடமே நின்றது. ஜெயிக்க வேண்டிய அன்றைக்குத்தான் அந்த மனிதர் அவசரப்படவில்லை. எனக்கு அவருடைய எத்தனையோ அதிரடி ஆட்டங்களைவிட இந்த ஒன்றுதான் பெரிது.

சரி, கை கொடுக்காமல் வந்த விஷயம்.

2025 ஜூன் 1-ஆம் தேதி நார்வேயில் கார்ல்சன் ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டத்தை நேரக் குறைவில் குகேஷிடம் விட்டார். மேசையை ஓங்கிக் குத்தினார், காய்கள் சிதறின. உலகம் முழுக்க அந்தக் குத்துதான் ஓடியது. அடுத்த சில விநாடிகளிலேயே அவர் குகேஷிடம் மன்னிப்புக் கேட்டார், வெளியேறும்போது முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். கோபம் வந்ததற்காக உன்னை நான் திட்ட மாட்டேன். அதற்கப்புறம் நீ செய்யாமல் விட்டதைத்தான் செய் என்கிறேன்.

நானும் அதைச் செய்யாமல் விட்டவன். சாவி கொடுக்கிற கடிகாரங்கள் இருந்த காலம். பெரிய முள் பன்னிரண்டை நெருங்கும்போது சின்னக் கொடி ஒன்று மெல்லத் தூக்கிக்கொண்டு நிற்கும். முள் தாண்டியதும் விழும், விழுந்தால் ஆட்டம் முடிந்தது. கல்லூரிகளுக்கு இடையே நடந்த போட்டி. எதிரே ஆடியவன் எனக்கு நல்ல சிநேகிதன். ஜெயிக்க வேண்டிய நிலையில் நான் போர்டைப் பார்க்காமல் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்தது. எழுந்து நேரே குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றங்கரைப் படியில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். அவன் தேடி வந்தான், நான் பேசவில்லை. படிப்பு முடிந்து வேலைக்கு வடக்கே போய்விட்டான்.

பத்தொன்பது வருடம் கழித்து ஜங்ஷனில் பார்த்தேன். அவன்தான் முதலில் பேசினான். "ஏல, அன்னைக்கு நான் தோத்துட்டேன்னுதாம்ல நெனச்சேன். கையெல்லாம் நடுங்கிச்சு. எப்படா கை கொடுத்துட்டு எந்திரிக்கலாம்னு இருந்தேன்." அத்தனை வருடமும் அவன் அமைதியாக உட்கார்ந்து என்னை ஜெயித்தான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் வந்த அன்றைக்கே ஆற்றங்கரையில் வாய் திறந்து கேட்டிருந்தால் எனக்கு அது தெரிந்திருக்கும். பத்தொன்பது வருடச் சிநேகமும் மிச்சமாகியிருக்கும்.

உன் அம்பாசமுத்திரத்துப் பையனும் 35 நிமிடத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தான் என்று நீயாக முடிவு செய்யாதே. ஒரு சிப்பாய் குறைவு அவனுக்கு.

2007-ல் காஸ்பரோவை மாஸ்கோவில் ஐந்து நாள் சிறையில் வைத்தார்கள். அரசியலிலும் எதிரெதிரே நின்ற கார்போவ் அவரைப் பார்க்கப் போனார். உள்ளே விடவில்லை. 2010-ல் ஃபிடே தலைவர் பதவிக்குக் கார்போவ் நின்றபோது அவருக்காகப் பேசியவர்களில் காஸ்பரோவும் ஒருவர். 144 ஆட்டம் எதிரே உட்கார்ந்தவனைவிட நம்மை அறிந்தவன் யார் இருக்கிறான்?

அப்பாவிடம் சண்டை போடாதே. அடுத்த மாதப் போட்டி ஒன்று மட்டும், அப்புறம் பரீட்சை முடியும் வரை போர்டு பரணில் என்று நீயே சொல்லிப் பார். ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டை வண்டியில் ஏறி அம்பாசமுத்திரம் போ. இத்தனை சனிக்கிழமை அவன் வந்திருக்கிறான், நீ எத்தனை தடவை போயிருப்பாய்? வாசலிலேயே மன்னிப்பைக் கேட்டுவிடு, உள்ளே போய்ச் சாப்பிட்ட பிறகு என்று தள்ளிப்போடாதே. மூன்று வருட ஸ்கோர் ஷீட்டையும் கையோடு கொண்டுபோ. போர்டு அவன் வீட்டில் இருக்கும், கிளாக் வேண்டாம். மூன்று ஆட்டத்தையும் முதலிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து அடுக்கிப் பாருங்கள். 41ஆவது நகர்வு வரும்போது, யானையை அங்கே வைத்துவிட்டு அவன் என்ன நினைத்துக்கொண்டிருந்தான் என்று கேள்.